மூட்டை கட்டிய மண்

பால் வாங்கிக்கொண்டு தேவசேனா திரும்பி வந்தபோது, அவளுடைய பாத்தியின் நடுவில் நின்று ஓர் ஆள் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கொல்லையின் நாலு மூலையிலும் முளைக்குச்சி அடித்து நூல் கட்டியாகிவிட்டது. தக்காளிக்கென்று அவள் தொழுவுரம் போட்டுக் கிளறி, வைக்கோல் மூடி வைத்திருந்த இடத்தில் ஒரு குச்சி நின்றது. வைக்கோலை யாரோ காலால் ஒதுக்கிவிட்டிருந்தார்கள்.

வீடு தெரியாமல் வந்துவிட்டாரோ என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படியே கேட்டாள். அவர் முனிகிருஷ்ணன் மேஸ்திரி. ஆந்திர எல்லையோர ஊரான நகரியில் விசைத்தறி ஷெட்டுகள் பல அவர் கையால் எழுந்தவை. பொடி டப்பாவைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகவே பதில் சொன்னார்.

"லேதம்மா, இதே வூடுதான். வேதாச்சலம் அய்யா இங்க ரெண்டு தறி போட ஷெட்டு கட்றாரு. பொங்கப் பண்டகைக்கி முன்னால கோடு போட்டுடுன்னாரு. பண்டக முடிஞ்சதும் அஸ்திவாரத்துக்கு கடக்கால் தோண்டறது."

எப்போது சொன்னார் என்று கேட்டாள்.

"கார்த்திகையிலயே சொல்லிட்டாரும்மா. அப்ப இங்க ஒரே கல்லும் முள்ளுமா கெடந்துச்சி. ஜேசிபி வெச்சாதான் ஆவும்னேன். இரு மேஸ்திரி, குடித்தனக்கார அம்மா சுத்தம் பண்ணிக்கினு இருக்குது, பண்ணட்டும்னாரு. பாகா பண்ணியிருக்கீங்கம்மா."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். தேவசேனா பால் தூக்கைத் தரையில் வைத்தாள். கையில் வைத்திருந்தால் அதை எதன் மீதாவது எறிந்திருப்பாள்.

தேவசேனாவுக்குத் திருத்தணிப் பக்கம் ஒரு கிராமம். படிப்பை முடித்ததும் ஸ்ரீசிட்டியில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சேர்ந்தாள். ஜன்னலே இல்லாத பெரிய கூடம். வெளியே மழையா வெயிலா என்பது ஷிப்டு முடிந்து பஸ் ஏறும்போதுதான் தெரியும். கோகுலகிருஷ்ணனைக் கட்டிக்கொண்டு நகரிக்கு வந்த பிறகும் கம்பெனி பஸ்ஸில் அந்த வேலைக்குப் போய் வந்தாள். போன வருஷம் நகரிப் பக்கம் வரும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். வேலையும் அதோடு போயிற்று. கோகுலகிருஷ்ணனுக்குத் திருப்பதியில் ஒரு லாட்ஜில் ஸ்டோர் பார்க்கிற வேலை. காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் வருவான். ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது என்பதற்காகத்தான் வேதாச்சலத்தின் வீட்டுப் பின்போர்ஷனுக்கு அவர்கள் குடிவந்தார்கள். முன்பக்கம் வேதாச்சலமும் அவர் சம்சாரம் சுந்தராம்பாளும். பக்கத்தில் தறி ஷெட்டு. பின்னால் கொல்லை.

அதைக் கொல்லை என்று சொல்வதே அதிகம். வேதாச்சலத்தின் அப்பா காலத்து வீட்டை இடித்தபோது மிச்சமானதெல்லாம் அங்கேதான் கொட்டிக் கிடந்தது. செங்கல், காரை, உடைந்த ஓடு, பாட்டில் கண்ணாடி, ஒரு பீங்கான் கக்கூசுத் தொட்டிகூட. எல்லாவற்றுக்கும் மேலே கருவேல முள் மண்டிக் கிடந்தது. வேலை போன பிறகு அடுப்படி ஜன்னலில் நின்று அதையே பார்த்துப் பார்த்து அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஐப்பசி மழையில் தரை இளகியதும் வேதாச்சலத்திடம் போய், அங்கே காய்கறி போடட்டுமா என்று கேட்டாள். சும்மாதானே கிடக்கிறது, தாராளமாகப் போடு என்றார் அவர். அன்றைக்கு அவர் மனசில் வேறெதுவும் இருந்திருக்காது. அதை தேவசேனாவும் பிற்பாடு ஒப்புக்கொண்டாள்.

மழை விட்ட நாட்களில் எல்லாம் அவள் கொல்லையில் இருந்தாள். முள்ளை வெட்டினாள். கடப்பாரையால் கல்லைக் கிளப்பி, கூடையில் சுமந்து பின்சுவர் ஓரமாகக் குவித்தாள். ஓட்டுச் சில்லு உள்ளங்கையைக் கிழித்து ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். அடியில் கிடைத்தது மண்ணே இல்லை, வெறும் காரைத் தூள். எனவே மண்ணை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. தண்ணீர்க் குழாய் பதிக்க ரோட்டோரம் தோண்டிப் போட்ட செம்மண்ணை, மிச்சமானதை எடுத்துக்கொள்ளலாம் என்று குழாய் பதித்த ஆட்கள் சொன்ன பிறகு, அன்னக்கூடை அன்னக்கூடையாகத் தலையில் வைத்துக் கொண்டுவந்தாள். எதிர்வீட்டு இந்திராணி மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். அவளிடம் சாணி வாங்கினாள். புங்கமரத்துச் சருகு, சமையல்கட்டுத் தோல், கோயிலில் கழித்த பூ எல்லாம் அந்த மண்ணோடு சேர்ந்து மக்கின. மார்கழி பிறந்தபோது கை விட்டால் முழங்கை வரை இறங்கியது. ஒரு மண்புழுவைப் பார்த்த அன்று அவள் இந்திராணியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

இதற்கு நடுவில்தான் அந்தத் திட்டம். எந்தச் செடியை எதன் பக்கத்தில் வைப்பது என்பது. தக்காளி ஒரு பாத்தி, கத்திரி ஒரு பாத்தி என்று தனித்தனியாகப் போட அவளுக்கு இஷ்டமில்லை. மதனப்பள்ளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி தெலுங்கில் பேசிப் போடும் வீடியோக்களைப் பார்த்திருந்தாள். ஒன்றுக்கு ஒன்று துணையாகிற செடிகளைச் சேர்த்து நட்டால் மருந்தே வேண்டாம் என்று அந்தப் பெண் காட்டினாள். தக்காளிக்கு இடையில் துலுக்கச் சாமந்தி வைத்தால் வேரைத் தின்னும் புழு அண்டாது. சோளத்தின் மேல் காராமணி ஏறும், காராமணி மண்ணுக்குச் சத்து கொடுக்கும், கீழே பூசணி படர்ந்து ஈரத்தைக் காக்கும். மூலைக்கு மூலை ஆமணக்கு நின்றால் புழுவெல்லாம் முதலில் அங்கே போய் விழும். வெங்காயத்தை அவரைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

மார்கழி முழுக்க அந்தக் கணக்கு அவள் தலைக்குள் ஓடியது. கூடத்துத் தரையில் சாக்பீஸால் கொல்லையை வரைந்து வைத்திருந்தாள். சோடா பாட்டிலின் சிவப்பு மூடி தக்காளி. தண்ணீர் பாட்டிலின் நீல மூடி கத்திரி. சட்டைப் பித்தான் சாமந்தி, புளியங்கொட்டை வெங்காயம். தறி ஷெட்டின் சுவர் நிழல் எங்கே விழுகிறது என்று காலையும் மத்தியானமும் போய்ப் பார்ப்பாள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது, சித்திரையில் தலைக்கு மேல் வந்துவிடும், அப்போது இந்த நிழல் சுருங்கிவிடும் என்று யோசித்து மூடிகளை மாற்றி வைப்பாள். உயரமான சோளம் வடக்கே போயிற்று. கீரை நிழலுக்கு வந்தது. தட்டில் போட்ட தக்காளி விதை முளைத்து, காகிதக் கப்புகளுக்கு மாற்றி, ஜன்னலோரம் வரிசையாக நின்றது. தை பிறந்ததும் நடுவதாக இருந்தாள்.

வேதாச்சலம் அவ்வப்போது வந்து எட்டிப் பார்ப்பார். ஒருநாள், காம்பவுண்டுச் சுவர்ப் பக்கம் கையைக் காட்டி, அந்த மூலையில் இன்னும் கல் இருக்கிறது பார் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கறையாகச் சொல்கிறார் என்று நினைத்து அன்று சாயங்காலமே அந்த மூலையையும் தோண்டி எடுத்தாள்.

இப்போது மேஸ்திரி சொன்னதைக் கேட்டதும் அந்த நீட்டிய கைதான் அவள் கண்முன் வந்தது.

நேரே தறி ஷெட்டுக்குப் போனாள். வேதாச்சலம் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க வெளியே வந்தார். பின்னாலேயே மேஸ்திரியும் வந்து நின்றார். ஷெட்டு கட்டுவது உண்மையா என்று கேட்டாள்.

"ஆமாம்மா. புள்ள பெங்களூரு வேலைய விட்டுட்டு வந்துட்டான். அவனுக்கு ஒரு பொழப்பு காட்டணும்ல. கார்த்திகையிலயே ஒன் வூட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேனே. சரிங்கண்ணா, நான் சொல்லிக்கறேன்னாரே."

தேவசேனாவுக்குக் காது அடைத்தது. தறிச் சத்தம் என்று நினைத்தாள். தறி ஓடவில்லை.

"தெனம் அந்தக் கொல்லையில இருந்தது நான்தான. மூலையில கல்லு இருக்குதுன்னு என்கிட்டதான வந்து காட்டினீங்க. இத்த மட்டும் ஏன் என்கிட்ட சொல்லல?"

வீட்டு விஷயத்தை ஆண்களிடம் பேசுவதுதான் முறை என்றார் அவர். திருட்டுத்தனமாக எதுவும் செய்யவில்லை, கேட்டுத்தான் செய்கிறேன் என்றார். அவர் குரலில் குற்ற உணர்வு துளியும் இல்லை. அதுதான் அவளை எரித்தது. தான் ஏதோ தப்பு செய்ததாக அவர் நினைத்திருந்தால்கூட அவள் கொஞ்சம் தணிந்திருப்பாள்.

"எடம் என்னுது, நான் கட்டிக்கறேன். இதுல நீ கோவப்பட இன்னாம்மா இருக்குது?"

"எடம் உங்களதுதாண்ணா. மண்ணு நான் கொண்டாந்தது."

வேதாச்சலம் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"அப்ப மூட்ட கட்டி எடுத்துக்கினு போயேன்."

மேஸ்திரி சிரிக்கவில்லை. தேவசேனா சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அன்று பகல் முழுதும் அவள் கோபம் வேதாச்சலத்தின் மேல் நிற்கவே இல்லை. அவர் யார்? வீட்டுக்காரர். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஆனால் கோகுலகிருஷ்ணன் தினமும் அந்தச் சாக்பீஸ் கோட்டைத் தாண்டித்தான் சோறு தின்ன உட்கார்ந்தான். மூடி கலைந்துவிடுமே என்று சுவரோரமாகக் காலை வைத்து நடந்தான். ஒருநாள் அவளுக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு நீல மூடியை எடுத்துத் தள்ளி வைத்து, கத்திரிக்காய் இங்கே இருந்தால் அடுப்படியிலிருந்து எட்டிப் பறித்துக்கொள்ளலாமே என்று யோசனைகூடச் சொன்னான். அன்று அவளுக்கு எவ்வளவு சந்தோஷம். தன் கணக்கில் அவனும் சேர்ந்துகொண்டான் என்று நினைத்தாள். ஊருக்கு போன் போட்டு அம்மாவிடம் அதைச் சொன்னாள்.

சாயங்காலம் அவன் வந்தான். வழியிலேயே முளைக்குச்சிகளைப் பார்த்திருப்பான். குழாயடியில் வெகுநேரம் கால் கழுவினான். உள்ளே வந்து, தரையிலிருந்த கோடுகளையும் அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்த அவளையும் பார்த்துவிட்டு, மேஸ்திரி வந்தாரா என்று கேட்டான்.

வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் அவன் வாயால் வரட்டும் என்று கேட்டாள். அவன் மறைக்கவில்லை. கார்த்திகையில் ஒருநாள் டீக்கடையில் வைத்து வேதாச்சலம் சொன்னார். அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தான். வந்து பார்த்தால், அவள் முதல் முதலாக மூடிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, வெங்காயமும் அவரையும் ஒத்துப்போகாது, உங்கள் இரண்டு அத்தைகள் மாதிரி என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டான். நாள் போகப் போகச் சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று. வேதாச்சலத்துக்கு லோன் கிடைக்காமல் போய்விடும், பேச்சு அதோடு நின்றுவிடும் என்றும் நம்பிக்கொண்டிருந்தான். சண்டை போட்டால் காலி பண்ணச் சொல்லிவிடுவார், ஸ்டேஷனுக்கு இவ்வளவு கிட்டத்தில் வேறு வீடு எங்கே கிடைக்கும் என்ற பயமும் இருந்தது.

"வேல போனதுலேர்ந்து நீ சிரிச்சே பாக்கல. அத்த ஒடைக்க மனசு வரல" என்றான்.

"நான் சிரிச்சத பாத்து நீ சந்தோஷப்பட்டியா, வேடிக்க பாத்தியா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை நீங்கள் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். நீ என்றது இதுதான் முதல் தடவை. அவன் முகம் மாறியது. அவள் நிறுத்தவில்லை.

"அந்த நீல மூடிய எடுத்து வெச்சப்ப ஒனக்குத் தெரியும். இங்க கத்திரியும் வராது, ஒண்ணும் வராதுன்னு தெரிஞ்சிக்கினே, எட்டிப் பறிக்கலாம்னு சொன்ன. அந்த ஆளு என் கைய வெச்சி அவரு எடத்த சுத்தம் பண்ணிக்கிட்டாரு. நீ கூட குந்திக்கினு வெளயாடின. அவராவது வெளயாடல."

அவன் சாக்பீஸ் கோட்டின் அந்தப் பக்கமே நின்றான்.

கோபத்தில் பட்டினி கிடக்கிற வழக்கம் தேவசேனாவுக்கு இல்லை. மறுநாள் வேலை இருந்தது. சோற்றைப் போட்டுத் தின்றாள். அவனுக்குப் போடவில்லை.

விடிந்ததும் இந்திராணி வீட்டுக்குப் போய்த் தவிட்டுச் சாக்குகள் கேட்டாள். எதற்கு என்று இந்திராணி கேட்க, நடந்ததைச் சொன்னாள். இந்திராணி ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு துண்டு இடம் சும்மாதான் கிடக்கிறது, மண்ணை அங்கே கொண்டுவந்து கொட்டு என்றாள். காய் காய்த்தால் பாதி எனக்கு என்பதையும் அப்போதே சொன்னாள். தேவசேனாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் இவளாவது முகத்துக்கு நேரே சொல்கிறாளே என்று ஒப்புக்கொண்டாள்.

மூட்டை கட்ட ஆரம்பித்தாள். மேல்மண்ணை மண்வெட்டியால் வழித்து அள்ளிச் சாக்கில் நிரப்பி, இடுப்பில் தாங்கிச் சந்து வழியாகத் தெருவைக் கடந்து கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள். வெயில் ஏறியது. சுந்தராம்பாள் மாடியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். கோகுலகிருஷ்ணன் அன்று வேலைக்குப் போகவில்லை. பின்வாசலில் வந்து நின்று, சாக்கைப் பிடிக்கட்டுமா என்று கேட்டான். அவள் அவனைத் தாண்டிப் போனாள். திரும்பி வந்தபோதும் அவன் அங்கேயே நின்றான். மறுபடியும் தாண்டிப் போனாள்.

மேஸ்திரி வந்தபோது பாதி மண் போயிருந்தது. அவர் சுற்றிப் பார்த்தார். சுண்ணாம்புக் கோடு அழிந்துவிட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனசோடுதான் வாயைத் திறந்தார்.

"பரவால்லம்மா, எடுத்துக்கோங்க. எப்படியும் மேல்மண்ணு எடுத்துட்டுதான் கடக்கால் போடணும். எங்களுக்கு ஒரு நாள் கூலி மிச்சம்."

தேவசேனா மண்வெட்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். மறுபடியும் அதே வேலை. கல்லை எடுத்துக் கொடுத்தாயிற்று, இப்போது மண்ணையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். வேதாச்சலம் ஒரு வார்த்தை கேலி செய்து அவளிடம் இன்னொரு நாள் வேலையும் வாங்கிக்கொண்டார். இதையும் அவர் யோசித்துச் செய்திருக்க மாட்டார். யோசிக்காமலேயே அவருக்கு எல்லாம் கிடைக்கிறது.

மிச்ச மண்ணையும் அள்ளி முடித்தாள். நிறுத்தவில்லை. பிறகு பின்சுவர் ஓரத்துக் குவியலுக்குப் போனாள். மழைக்காலம் முழுக்கச் சுமந்து குவித்த கல், காரைக்கட்டி, வேர்முண்டு எல்லாம் ஆள் உயரத்துக்கு அங்கே கிடந்தன. பெரிய காரைக்கட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, தக்காளிப் பாத்தி இருந்த பள்ளத்தில் போட்டாள். திரும்பிப் போய் இன்னொன்று. மேஸ்திரிக்குப் புரிய கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் பீடி பற்றவைத்துக்கொண்டு சந்துக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

கண்ணாடிச் சில்லுகளை மட்டும் அவள் தொடவில்லை. கடைக்கால் தோண்ட வருகிறவர்கள் வெறுங்காலோடு வருவார்கள். அவர்கள் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை.

கோகுலகிருஷ்ணன் இறங்கி வந்தான். அவள் பக்கத்தில் நின்றான். அவள் மூச்சு வாங்க அவனைப் பார்த்தாள்.

"மண்ண தொடாத. வோணும்னா கல்ல எடு."

அவன் எடுத்தான். லாட்ஜுக் கணக்கு எழுதி எழுதிப் பழகிய கை, முதல் நடையிலேயே தோல் உரிந்தது. அவள் பார்த்துவிட்டு அடுத்த நடைக்குப் போனாள். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நடந்தார்கள். செங்கல் விழும் சத்தம் கேட்டு வேதாச்சலம் ஷெட்டிலிருந்து வந்தார். பாதிக் கொல்லை பழையபடி ஆகியிருந்தது. அவர் தேவசேனாவிடம் பேசவில்லை. பேசினால் ஆணிடம்தானே.

"இன்னா கோகுலு, நீயுமா? அந்தம்மாவுக்கு கிறுக்கு புடிச்சிருக்குதுன்னா நீ சொல்ல மாட்டியா?"

கோகுலகிருஷ்ணனின் கையில் அந்தப் பீங்கான் தொட்டி இருந்தது. அவன் அதைக் கொண்டுபோய்க் கொல்லையின் நட்டநடுவில் வைத்துவிட்டு அடுத்த கல்லுக்குத் திரும்பினான்.

தேவசேனாதான் பதில் சொன்னாள்.

"நீங்க குடுக்கும்போது எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே திருப்பிக் குடுக்கறோம்ணா. கண்ணாடி மட்டும் செவுத்தோரம் இருக்குது, பாத்து எடுக்கச் சொல்லுங்க."

வேதாச்சலம் கத்தினார். காலி பண்ணச் சொன்னார். தை முடிவதற்குள் சாமானை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்றார். சரி என்று அவள் இதற்கும் சொன்னாள். சுந்தராம்பாள் மாடியிலிருந்து, பண்டிகை நாளும் அதுவுமாக இப்படியா என்று யாரையோ திட்டினாள். யாரை என்று கடைசி வரை தெரியவில்லை.

பண்டிகை முடிந்து கடைக்கால் தோண்ட ஆட்கள் வந்தார்கள். கல் பொறுக்குவது எங்கள் பேச்சில் இல்லை என்று நின்றுவிட்டார்கள். கடைசியில் ஜேசிபிதான் வரவேண்டியதாயிற்று. அந்தச் சந்தில் அது நுழையாது. வேதாச்சலம் தன் காம்பவுண்டுச் சுவரை ஒரு பக்கம் இடித்து வழி விட்டார். இந்திராணி தன் வாசலில் நின்று அதை வேடிக்கை பார்த்து, தேவசேனாவிடம் வந்து ஒன்று விடாமல் சொன்னாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லி முடித்து இந்திராணி பால் கறக்கப் போனதும், கொல்லை போனது போனதுதான் என்று தோன்றிவிட்டது. தறி இரண்டும் மாசியில் ஓடத் தொடங்கிவிட்டன.

ஜேசிபி வருவதற்கு முன்பே அவர்கள் இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிப் போர்ஷனுக்குக் குடிபோயிருந்தார்கள். கோகுலகிருஷ்ணன் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஸ்டேஷனுக்குக் கிட்டத்தில் வேறு வீடு கிடைக்காது என்று பயந்து பயந்து அவன் வாயை மூடிக்கொண்டிருந்தது இதற்குத்தான் என்று நினைத்தபோது, ஆறிக்கொண்டிருந்த கோபம் அவளுக்கு மறுபடியும் மூண்டது.

இந்திராணியின் இடத்துக்கு அந்தப் பழைய கணக்கு எதுவும் பொருந்தவில்லை. நீளமாக, ஒல்லியாக இருந்தது. நிழல் எதிர்ப்பக்கத்திலிருந்து விழுந்தது. சோளத்தை மாடு எட்டிக் கடிக்கும் என்பதால் சோளமே கூடாது என்று இந்திராணி சொல்லிவிட்டாள். சோளம் இல்லாவிட்டால் காராமணி எதன் மேல் ஏறும்? மூங்கில் கட்ட வேண்டும். கப்பில் இருந்த நாற்றுகள் காலம் தாண்டி நீண்டு வெளுத்துவிட்டிருந்தன. புதுவீட்டுக் கூடத்தில் கோடு போட அவளுக்கு மனசு வரவில்லை. இடத்திலேயே நின்று, குச்சியால் மண்ணில் கீறிக் கீறி முடிவு செய்தாள். தக்காளியும் சாமந்தியும் முன்னால். வெங்காயம் அவற்றுக்கு நடுவில். ஆமணக்கு கொட்டகைப் பக்கம் வேண்டாம், மாடு வாய் வைத்தால் விஷம். கத்திரியை அவள் வைக்கவே இல்லை. ஏன் என்று கோகுலகிருஷ்ணன் கேட்கவில்லை.

தினமும் சாயங்காலம் அவன் அங்கே வந்து தண்ணீர் ஊற்றினான். அவள் சொன்ன இடத்தில் ஊற்றினான். தன்னிஷ்டத்துக்கு யோசனை சொல்வதை விட்டிருந்தான். பேச்சு தேவைக்குத்தான் இருந்தது. மாசிக் கடைசியில் ஒருநாள், இன்னும் எத்தனை நாளுக்கு என் மேல் கோபமாக இருப்பாய் என்று கேட்டான். அவள் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். கோபம் போனால் சொல்கிறேன் என்றாள். பொய்யில்லை. அவளுக்கே தெரியவில்லை. சில நாள் காலையில் எழும்போது இருக்காது. தெருவில் போகும்போது அந்தப் புது ஷெட்டிலிருந்து தறிச் சத்தம் கேட்டால் வந்துவிடும்.

பங்குனியில் தக்காளி பழுத்தது. நாற்று முற்றிப்போனதால் எதிர்பார்த்த அளவு இல்லை, ஆனால் ஒன்றிலும் புழு இல்லை. சுந்தராம்பாள் இந்திராணி மூலமாகக் கொஞ்சம் பழம் கேட்டு அனுப்பினாள். உன் பாதியிலிருந்து வேண்டுமானால் கொடு, என் பாதியிலிருந்து ஒன்றுகூட இல்லை என்று தேவசேனா சொல்லிவிட்டாள். இந்திராணியும் கொடுக்கவில்லை. கொடுக்க மனசில்லாமலா, விற்கலாம் என்றா, தெரியாது.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் கோகுலகிருஷ்ணன் மாடி ஏறி வந்து, வாசலிலேயே நின்றான். அவள் சாம்பாருக்குத் தக்காளி அரிந்துகொண்டிருந்தாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஒண்ணு சொல்லணும். லாட்ஜுல இனிமே ஞாயித்துக்கெழமயும் வரணும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. வூட்டுல கேட்டுட்டு சொல்றேன்னேன். சிரிச்சாரு."

தேவசேனா கத்தியை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமைதான் காராமணிக்கு மூங்கில் கட்டுவதாக இருந்தது. ஆனால் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது அதனால் இல்லை. அந்தச் சிரிப்பினால்.

"முடியாதுன்னு சொல்லு."

"சொல்றேன்."

"எப்ப?"

"நாளைக்கிப் போயி..."

"நாளைக்கி இல்ல. போன் இருக்குதுல்ல."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். மணி அடிப்பது அவளுக்கும் கேட்டது. மேனேஜர் எடுத்தார். கோகுலகிருஷ்ணன் வாசலில் நின்றபடியே தெலுங்கில் பேச ஆரம்பித்தான். முதலில் சார், சார் என்று இரண்டு தரம் இழுத்தான். அந்தப் பக்கத்திலிருந்து மேனேஜர் கத்துவது அடுப்படி வரை கேட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வர முடியாது சார் என்றான். அந்தப் பக்கம் கத்தல் கூடியது. அவன் மறுபடியும் அதையே சொன்னான், இந்தத் தடவை கொஞ்சம் உரக்க.